ஸ்ரீ தம்பி நாயுடு

அன்னிய நாட்டில் குடியேறியவர்களின் உரிமைக்காக நடந்த போராட்டங்களில் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் தலைசிறந்தது. அதை நடத்திய மகாத்மா காந்தியை அறியாதார் இல்லை. அதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் தமிழ்நாட்டில் பிரசித்தமானது. ஆனால் பல பாஷையினரையும் பல மதத்தினரையும் அப்போராட்டத்தில் ஓரணியாகச் சேர்த்து நிறுத்திய ஸ்ரீ தம்பி நாயுடுவின் சரித்திரம் நம்மவரிற் பலருக்குத் தெரியாது. பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அதை அறிவது அவசியமாகும்.

ஸ்ரீ நாயுடு 1875-ம் வருஷத்தில் மொரீஷியஸ் தீவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சென்னை ராஜதானியிலிருந்து அங்கே குடியேறியவர்கள். அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, ஜொஹானெஸ்பர்க் நகரில் சிறு வியாபாரியாக ஜீவனம் நடத்தி வந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் தமிழும் ஆங்கிலமும் ஹிந்துஸ்தானியும் ஓரளவு தெலுங்கும் அனுபவத்தாலேயே கற்றுப் பேசினார். தம் தாய்நாட்டை அவர் பார்த்ததில்லை. அதனால் அவருடைய தேசபக்தி குறைந்துவிடவுமில்லை. சபையில் தலைமை வகிக்க வல்ல அவர், வேண்டும்போது வீதியில் மூட்டை சுமக்கவும் கூசாதவர். முன்கோபம் ஒன்றே அவரிடம் நண்பர்கள் கண்ட குறை.

1906-ம் வருஷத்தில் டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு கொடிய சட்டத்துக்கு வித்திட்டனர். ஆசியர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, விரல் ரேகைகளைக் கொடுத்து, அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். போலீஸார் கேட்ட இடத்தில் அதைக் காட்டவேண்டும். மறுப்பவர்களுக்குச் சிறையும் நாடு கடத்தலும் காத்திருந்தன. குற்றவாளிகளுக்குரிய முறையை நேர்மையாக உழைத்துப் பிழைக்கும் குடிகள் மீது சுமத்திய இச்சட்டத்தை எதிர்ப்பதென்று, அவ்வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி ஜொஹானெஸ்பர்க்கில் சுமார் 3,000 இந்தியர் கூடிச் சபதம் செய்தார்கள். எனினும் 1907-ல் சட்டம் நிறைவேறியது. பதிவு நிலையங்களின் வாயிலில் நின்று ஜனங்களுக்கு நியாயம் எடுத்துச் சொல்லும் மறியல் தொண்டர்களுக்கு ஸ்ரீ நாயுடு தலைவரானார்.

இச்சட்டம் சீனர்களையும் பாதித்தது. அவர்களும் லியுங் குவின் என்பவரின் தலைமையில் பதிவு செய்ய மறுத்து நின்றார்கள். ஸ்ரீ காந்தி, லியுங் குவின், ஸ்ரீ நாயுடு ஆகிய மூவரும் ஒரே சமயத்தில் சிறைப்பட்டனர். 1908 ஜனவரி 28-ந் தேதி சிறைக்குள்ளிருந்தே சர்க்காருக்கு அனுப்பிய சமாதானக் கடிதத்தில் இம்மூவருடைய கையொப்பமும் இருந்தது. குஜராத்தி ஒருவர், சீனர் ஒருவர், மொரீஷியஸில் பிறந்த தமிழர் ஒருவர். இம்மூவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டது அந்நாளில் சிறு காரியமன்று.

சமாதானத்தை நம்மவர் அனைவரும் ஏற்கவில்லை. தங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டார்களென்று சிலர் சந்தேகித்தனர். பிப்ரவரி 10-ந் தேதி ஸ்ரீ காந்தி தாமாகவே பதிவு செய்துகொள்ளப் புறப்பட்டபோது, இந்தியர் சிலரே வழிமறித்து அவரை அடித்து வீழ்த்தினார்கள். உடன் சென்ற ஸ்ரீ நாயுடு அவரைக் காக்க முயன்று தாமும் அடிபட்டார். பின்னர், சட்டம் ரத்தாகுமென்ற நம்பிக்கை பொய்த்தது. ஆகஸ்டு 16-ந் தேதி ஹமீதியா மசூதித் திடலில் 2,000-க்கு மேற்பட்ட பத்திரங்களை நெருப்பிலிட்டு மீண்டும் போராட்டத்தைத் தொடங்கினர்.

தொடர்ந்து வந்த வருஷங்களில் ஸ்ரீ நாயுடு சிறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். 10 தடவைக்கு மேல் அவர் சிறை புகுந்தார். தமிழர்களே இப்போரில் மிகுதியான கஷ்டத்தை ஏற்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது. நாகப்பன் என்ற இளைஞர் சிறைக் கொடுமையால் 1909 ஜூலையில் இறந்தார். நாராயணசாமி என்பவர் நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது, கரையிறங்க அனுமதியின்றித் தவித்து 1910 அக்டோபரில் மாண்டார். சென்னைக்கு வந்துசேர்ந்த அகதிகளை ஸ்ரீ ஜி. ஏ. நடேசன் ஆதரித்து உணவும் உறைவிடமும் அளித்தார்.

1913-ல் போராட்டம் உச்சத்தை அடைந்தது. ஹிந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த விவாகங்கள் செல்லாவென்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருந்தது. நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது மூன்று பவுன் தலைவரியும் இருந்தது. இவற்றை எதிர்த்து டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட 11 பெண்களுள் ஸ்ரீ நாயுடுவின் மனைவி வீரம்மாளும் ஒருவர். ஸ்ரீ நாயுடுவும் உடன் சென்று, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பிரசங்கம் செய்தார். தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பர் 6-ந் தேதி 2,000-க்கு மேற்பட்டோர் எல்லையைத் தாண்டி நடந்தனர். 1914-ல் தலைவரி ஒழிந்தது. விவாகங்களும் அங்கீகாரம் பெற்றன. ஸ்ரீ காந்தி விடைபெற்ற சமயத்தில், நாயுடு தம்பதிகள் தங்கள் புதல்வர் நால்வரையும் தேசப் பணிக்கென்று அவரிடம் ஒப்படைத்தார்கள். 1933-ல் ஸ்ரீ நாயுடு காலமானார்.

இச்சரித்திரத்தில் ஒரு குறையையும் மறைக்கலாகாது. அந்நாட்டின் சொந்தக் குடிகளான ஆப்பிரிக்கர்கள் நெடுங்காலமாகவே அனுமதிச் சீட்டைச் சுமந்து வந்தார்கள். அதே 1913-ல் புளூம்பாண்டீன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள் அச்சீட்டை எதிர்த்துச் சிறை சென்றார்கள். ஒரே நாட்டில், ஒரே வருஷத்தில், ஒரேவிதமான அவமானத்தை எதிர்த்து நடந்த இரண்டு போராட்டங்களும் ஒன்று சேரவில்லை. சீனரோடு கைகோத்த நம்மவர், ஆப்பிரிக்கரோடு கைகோக்கத் தவறினர். அதன் பயனாக, சட்டத்தின் ஒரு கிளை முறிந்ததேயன்றி வேர் அப்படியே இருந்தது.

அந்த வேரைக் களையும் வேலை அடுத்த தலைமுறைக்கு வந்தது. 1947 மார்ச்சு 9-ந் தேதி ஆப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஸூமாவும், இந்தியக் காங்கிரஸ்களின் தலைவர்களான டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் இருவரும் ஒன்றுபட்டுப் போராடுவதென்று உடன்படிக்கை செய்தனர். ஸ்ரீ நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு 1963-ல் சிறைப்பட்டு, ராபன் தீவில் 10 வருஷம் கழித்தார். 1986-ல் அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் ஒழிந்தன. 1994-ல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது.

இன்று விரல் ரேகையை மை தடவிய காகிதத்தில் தேடவேண்டியதில்லை. ஐரோப்பாவில் அடைக்கலம் தேடி வருவோரின் பத்து விரல் ரேகைகளையும் 2003 முதல் கணினியில் சேர்த்து வைக்கிறார்கள். அப்பதிவைப் பார்க்க உரிமையுள்ளவர் யார், தவறிருந்தால் திருத்தச் சொல்லும் வழி ஏழை அகதிக்கு உண்டா என்ற கேள்விகள் எழுந்திருக்கின்றன. இவற்றைக் கேட்கும் சங்கங்கள் தேசந்தோறும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இனத்தாரின் வழக்கை மட்டும் பேசுமாயின், சர்க்கார்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சமாதானம் செய்து அனுப்பிவிடும். ஸ்ரீ நாயுடுவின் வாழ்க்கை காட்டிய வழி ஐக்கியமே. தமக்கும் கீழே மிதிபடுவோரை அந்த ஐக்கியத்தில் முதலில் சேர்த்துக்கொள்ளுதல் நம் காலத்தவரின் கடமையாகும்.