ஒரு ஷில்லிங்கில் உலகைத் திறந்தவர்

வெளியூர் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் ஆசையோடு பயமும் சேர்ந்தே வருகிறது.

டிக்கெட் கிடைக்குமா? எங்கே தங்குவது? பாஷை தெரியாத ஊரில் யாராவது ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? கையில் உள்ள பணம் பாதி வழியில் தீர்ந்துவிட்டால்?

இந்தக் கவலைகளை எல்லாம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாகப் புறப்படுகிறவர்கள் இன்று உலகம் எங்கும் இருக்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் போதும். வண்டி, ஓட்டல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம்.

இந்த வழக்கத்தை உலகம் முழுவதும் பரப்பியவர் பெரிய பணக்காரர் அல்ல. 10 வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஏழைச் சிறுவன்! பெயர், தாமஸ் குக்.

நாள் கூலி ஒரு பென்னி

இங்கிலாந்தில் மெல்போர்ன் என்ற சிற்றூரில், 1808-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி தாமஸ் குக் பிறந்தார். மகனுக்கு விவரம் தெரியும் முன்பே தந்தை இறந்துவிட்டார்.

குடும்பத்தைக் காப்பாற்ற, சிறுவன் தோட்ட வேலைக்குப் போனான். நாள் கூலி ஒரு பென்னி. 14 வயதில் மாமாவிடம் சேர்ந்து, மரம் கடையும் தொழிலைக் கற்றான்.

20 வயதில் குக் கிறிஸ்தவ மதப் பிரசாரகர் ஆனார். ஊர் ஊராகப் போனார். பெரும்பாலும் நடைதான். 1829-ம் ஆண்டில் மட்டும் 2 ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தார்!

பிறகு மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் குடியேறி, கடைசல் தொழிலையே செய்தார். 1833-ல் மரியன் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ஜான் என்ற மகன் பிறந்தான்.

வழியில் உதித்த யோசனை

அந்தக் காலத்தில் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பலருக்குச் சாராயக் கடையே பொழுதுபோக்கு. வாரக் கூலி குடியில் கரைந்தது. குழந்தைகள் பட்டினி கிடந்தன. இதைக் கண்டு மனம் நொந்த குக், மதுவிலக்குப் பிரசாரத்தில் இறங்கினார்.

1841-ம் ஆண்டு ஜூன் மாதம் லெஸ்டர் நகரில் ஒரு மதுவிலக்குக் கூட்டம். அதற்காக 15 மைல் நடந்தே சென்றார். வழியில் ஒரு யோசனை உதித்தது. புதிதாக வந்திருக்கும் ரெயிலில் இந்த ஏழைகளை ஏற்றிக்கொண்டு போனால் என்ன? வேறு ஊரையும் வேறு காட்சியையும் பார்த்தால், சாராயக் கடையை மறப்பார்கள் அல்லவா?

ரெயில் கம்பெனியிடம் பேசித் தனி ரெயில் வாங்கினார். ஜூலை 5-ந் தேதி சுமார் 500 பேர் லெஸ்டரில் இருந்து லப்பரோ என்ற ஊருக்குப் புறப்பட்டார்கள். போக வர ஒரு ஷில்லிங். பாண்டு வாத்தியம் முழங்கியது. பூங்காவில் விளையாட்டும் தேநீரும் நடந்தன.

ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. குக் சிறுவனாக இருந்தபோது 12 நாள் உழைத்துப் பெற்ற கூலி அது!

தொழில் வளர்ந்தது

1845-ல் லிவர்பூலுக்கு லாப நோக்குடன் ஒரு பயணம் நடத்தினார். பயணிகளுக்கு வழிகாட்டிப் புத்தகமும் அச்சிட்டுக் கொடுத்தார். 1851-ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதைப் பார்க்க சுமார் 1½ லட்சம் பேரை அழைத்துச் சென்றார். 1855-ல் பாரீஸ். 1863-ல் சுவிட்சர்லாந்து.

அவருடைய முறை எளிதானது. பல பேருக்குச் சேர்த்து மொத்தமாக டிக்கெட் வாங்கினால், ரெயில் கம்பெனி விலையைக் குறைக்கும். 1868 முதல் ஓட்டல் சீட்டுகளையும் விற்றார். ஊரில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால், அந்நிய நாட்டில் சீட்டைக் காட்டி அறையும் சாப்பாடும் பெறலாம். பேரம் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

ஆண் துணை இல்லாமல் வெளியே போகத் தயங்கிய பெண்களும், குக்கின் குழுவில் தைரியமாகச் சேர்ந்தார்கள். மேட்டுக்குடி மக்கள் சிலர் இதைக் கேலி செய்தார்கள். அவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இடங்களுக்குக் கடைக்காரரும் ஆசிரியரும் வந்துவிட்டார்களே என்ற எரிச்சல்! குக் கவலைப்படவில்லை.

1872-ல் ஒரு சிறு குழுவுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, இந்தியா வழியாக 222 நாள் பயணம். 25 ஆயிரம் மைலுக்கு மேல்! 1881-ல் அவரது கம்பெனி பம்பாயில் காரியாலயம் திறந்தது.

தந்தையும் மகனும்

வெளியே வெற்றி. வீட்டிலோ மனக்கசப்பு.

மகன் ஜான் கணக்கில் கெட்டிக்காரர். தொழில் என்றால் தொழில்தான் என்பது அவர் கொள்கை. தந்தைக்கோ அது தொண்டும்கூட. வியாபாரத்தில் தர்ம காரியத்தைக் கலப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், 1870-களின் முடிவில் தந்தை ஒதுங்கினார். கம்பெனி மகன் கைக்குப் போனது.

அடுத்து அடுத்துத் துயரங்கள். 1880-ல் ஒரே மகள் ஆனி, குளியல் அறையில் வெந்நீர் அடுப்பின் விஷவாயு தாக்கி இறந்தாள். 1884-ல் மனைவி காலமானார். ஊர் ஊராகக் காட்சி காட்டியவருக்கே கண்பார்வை மங்கியது. 1891-ல் லண்டனில் கம்பெனியின் பொன்விழா நடந்தபோது, அந்த விருந்தில் அவர் இல்லை. 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, 83 வயதில், லெஸ்டரில் கண்மூடினார்.

நம்பிக்கையே முதல்

அவர் பெயரைத் தாங்கிய இங்கிலாந்துக் கம்பெனி, கடன் சுமையால் 2019 செப்டம்பர் 23-ந் தேதி மூடப்பட்டது. இந்தியாவில் அதே பெயரில் உள்ள கம்பெனி வேறு. அதற்குப் பாதிப்பு இல்லை. அன்று வெளிநாடுகளில் தவித்த பிரிட்டிஷ் பயணிகள் சுமார் 1½ லட்சம் பேர். பிரிட்டிஷ் அரசாங்கம் விமானங்கள் அனுப்பி, அவர்களை வீடு சேர்த்தது.

1851-ல் குக் லண்டனுக்கு அழைத்துச் சென்றவர்களும் அதே 1½ லட்சம் பேர்தான்!

மொத்தத் தொகையைக் கட்டுகிறவர் பணத்தை மட்டும் கொடுப்பது இல்லை. மனைவி மக்களையும் நம்பி ஒப்படைக்கிறார். பத்திரமாகக் கூட்டிப்போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதை அறிந்து நடந்ததால்தான், ஒரு கடைசல்காரரை நம்பி அத்தனை பேர் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள்.