மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்

நம் கல்லூரி மாணாக்கர் சிலர் மாதிரி ஐக்கிய நாடுகள் சபையொன்றில் கலந்துகொள்ளும் பொருட்டு இவ்வாண்டு பயிற்சி பெற்று வருவதை அன்பர் பலரும் அறிவர். ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாய் அமர்ந்து, அந்நாட்டின் கொள்கையை எடுத்துரைத்து, தீர்மானம் வரைந்து, வாக்களிக்கும் இவ்வொத்திகை, சர்வதேச சங்கம் ஜினீவாவில் நடந்த காலத்திலேயே மேனாட்டுக் கல்லூரிகளில் தோன்றிய பழக்கமாகும். இம்முறை எடுத்துக்கொண்டது 1946ஆம் ஆண்டின் பொதுச்சபை. விவாதப் பொருள், தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகள். சீட்டுக் குலுக்கியதில் ஒரு மாணாக்கருக்குத் தென்னாப்பிரிக்க யூனியனின் ஆசனம் வாய்த்தது. அவர் முகம் வாடி நம்மிடம் வந்து, மனம் ஒவ்வாத கட்சியைப் பேசுவது பொய்யுரைத்தல் ஆகாதோ என வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பிறர் கொடுத்த ஆசனத்திலமர்ந்து தம் மக்களுக்காகப் பேச வேண்டிய நிலையில் பாதி ஆயுளைக் கழித்த ஒரு தமிழ்நாட்டு ஆசிரியரின் சரித்திரம் அப்போது நம் நினைவிற்கு வந்தது. அதனை ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

கும்பகோணத்தையடுத்த வலங்கைமானில், 1869ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள், வறிய வைதிகக் குடும்பமொன்றில் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் பிறந்தார். கும்பகோணத்திலேயே பயின்று பட்டம் பெற்று, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராய் அமர்ந்தார்; பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியரானார். அந்நாளைய ஆசிரியருள் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் அவரைப்போல் நுணுகி ஆராய்ந்தவர் அரியர். ஒரு சொல்லை ஐயத்தோடு வழங்குவதினும் அகராதியைத் திறந்து பார்த்த பின்னரே வழங்குவது அவர் வழக்கம். காந்தியடிகளின் சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவரும் இவரே. தம் பெயரை வெளியிட அவர் உடன்படாமையால், நன்றியுரையில் அது பெயரின்றியே குறிக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையின் திருப்பம் 1907இல் நேர்ந்தது. கோபாலகிருஷ்ண கோகலே 1905இல் புனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில், தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, முப்பத்தேழாம் வயதில் அவர் சேர்ந்தார். குடும்பமுடையவர் சிறு உதவித்தொகையை நம்பி நிலையான ஊதியத்தைக் கைவிடுவது எளிதன்று. அச்சங்கத்தின் விதியை நம் மாணாக்கர் கவனித்தல் வேண்டும். சேர்ந்தவர் ஐந்தாண்டு பயிற்சி பெறவேண்டும். அதிற் பெரும்பகுதி புனாவிலுள்ள நூல்நிலையத்திற் கழியும். எஞ்சிய காலம் தேசத்தைச் சுற்றிப் பார்ப்பதிற் செல்லும். அரசாங்க அறிக்கை, வரவு செலவுத் திட்டம், சட்டசபை நடவடிக்கை ஆகியவற்றை வரிவரியாய்ப் படிப்பதே ஆங்குப் பாடம். கோகலேயின் வரவு செலவுச் சொற்பொழிவுகளுக்கு அரசாங்கத்தார் அஞ்சியது அவர் குரலுக்காக அன்று. அவர் கையிலிருந்த கணக்கிற்காகவே. பேச்சுப் பயிற்சி என்றவுடன் கையசைப்பையும் குரலேற்றத்தையும் நினைக்கும் நம் இளைஞர், பலருக்குப் பாடஞ்சொன்ன ஒருவர் மீண்டும் ஏடெடுத்து மாணாக்கராய் அமர்ந்ததை எண்ணிப் பார்ப்பாராக.

கோகலே 1915இல் காலமானபின் சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. அவர் சென்னைச் சட்டசபையிலும் பின்னர் டில்லிச் சட்டசபையிலும் அங்கத்தினராயிருந்தார். 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய சொற்பொழிவு நாடெங்கும் பேசப்பட்டது. எனினும் சத்தியாக்கிரகத்தை அவர் ஏற்கவில்லை. கோகலேயைக் குருவாய்க் கொண்ட இருவருள் காந்தியடிகள் ஒருவழியும் இவர் ஒருவழியுமாய்ச் சென்றனர். நட்போ இறுதிவரை குறைந்திலது.

1921இல் அவருடைய தூதுப்பணி தொடங்கியது. லண்டனிற் கூடிய சாம்ராஜ்ய மகாநாட்டிற்கு இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராய்ச் சென்றார். அந்நாளில் இந்தியாவிற்குச் சுயஆட்சி இல்லை. பிரதிநிதியைத் தெரிந்தனுப்பியதும் மக்கள் அல்லர். இந்நிலையில், குடியேற்ற நாடுகளில் முறைப்படி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை வழங்குதல் தகும் என்ற தீர்மானத்தை அம்மகாநாடு ஏற்குமாறு செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. அவ்வாண்டே ஜினீவாவிற்கும், அங்கிருந்து வாஷிங்டன் கடற்படைக் குறைப்பு மகாநாட்டிற்கும் சென்றார். 1922 பிப்ரவரி 6ஆம் நாள், பெரும் போர்க்கப்பல் ஒன்று 35,000 டன் எடைக்கு மேற்படலாகாது என்று வரையறுத்த உடன்படிக்கையில் இந்தியாவிற்காகக் கையொப்பமிட்டவர் நம் வலங்கைமான் சாஸ்திரியாரே. அன்று இந்தியாவிற்கு அத்தகைய கப்பல் ஒன்றுகூட இல்லை! இதனைக் கேட்டு நகைப்பவர் நகைக்கலாம். ஆனால் வெறும் நாற்காலியேயெனினும் அதிலமர்ந்தவர் எவ்வாறு அமர்ந்தார் என்பதை உலகம் கண்டது. நாற்காலியே பொய்யென்று வெளியே நின்றோரின் வாதத்தையும் நாம் எளிதிற் புறக்கணித்தற்கில்லை.

அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய மூன்றையும் நோயுற்ற உடலோடு சுற்றி வந்தார். ஆஸ்திரேலியாவில் ஆங்குள்ள இந்தியர்க்கு வாக்குரிமை 1925இற் கிட்டியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அது 1947 வரை கிட்டவில்லை. 1923இல் கென்யா நாட்டு இந்தியரின் வழக்கு லண்டனில் தோற்றபோது அவர் மனம் மிக நொந்தது.

இனி, அவர் வாழ்வில் நாம் நின்று நோக்க வேண்டிய பகுதி தென்னாப்பிரிக்கா. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோருள் தமிழர் மிகப் பலர். அவர் வழிவந்தோரைத் தனியிடங்களில் ஒதுக்கும் மசோதாவொன்று 1920-களின் இடையில் எழுந்தது. இரு அரசாங்கங்களும் கலந்து பேசி 1927இற் செய்துகொண்ட கேப்டவுன் உடன்படிக்கையால் அம்மசோதா கைவிடப்பட்டது. ஆயினும் அவ்வுடன்படிக்கைக்கு இரண்டு முகம் உண்டு. இருக்க விரும்பும் இந்தியரைக் கல்வியிலும் வாழ்விலும் உயர்த்துவதாக ஒரு முகம் உறுதி கூறிற்று. தாயகம் திரும்ப உடன்படுவோர்க்குப் பணமும் பயணச்செலவும் தந்து அனுப்புவதாக மற்றொரு முகம் கூறிற்று. பிறந்த மண்ணை விட்டுப்போகக் கூலி கொடுப்பதா என்று ஆங்குள்ள இந்தியருட் பலர் சினந்தனர். இவ்வுடன்படிக்கையைக் காக்கும் முதல் ஏஜெண்டாய், காந்தியடிகளும் வற்புறுத்தியதனால், 1927 ஜூனில் சாஸ்திரியார் சென்றார்.

ஆங்கு அவர் செய்தது என்ன? வெள்ளையரின் நகரமண்டபங்களிலும் கழகங்களிலும் ஓயாது பேசினார். கேட்போர் அஞ்சுவது யாது, அவருட் பங்கு கேட்கும் வணிகர் எவர், வெறுப்பை வளர்ப்பவர் எவர் என்பதை முன்னமே ஆராய்ந்து, அவர் தம் மொழியிலேயே, அவர் மதிக்கும் நியாயங்களைக் கொண்டே அவரோடு வாதித்தார். எதிர்க்கட்சியின் வழக்கை அக்கட்சியினரினும் நன்றாகச் சொல்லவல்லவராய் இருந்தமையால்தான் அதற்கு விடையும் அவரிடம் இருந்தது. எல்லாரும் இசைந்தனரல்லர்; அவர் பேசிய கூட்டத்துட் புகுந்து கலைத்தோரும் உண்டு. இந்தியர் கல்வியை ஆராய நேட்டாலில் ஒரு குழு அமைந்தது. இந்தியாவிலிருந்து கல்வித்துறையினர் இருவர் சென்று உதவினர். டர்பனில் இந்தியர்க்கென உயர்தரக் கலாசாலையொன்று வேண்டுமென்று வணிகரிடம் பொருள் திரட்டினார். 1928இல் அடிக்கல் நாட்டப்பட்ட அது, அவர் நாடு திரும்பியபின் 1929 அக்டோபரில் திறக்கப்பட்டுச் சாஸ்திரி கலாசாலை எனப் பெயர் பெற்றது. அரசாங்கம் அளிக்கவந்த ஸர் பட்டத்தை மறுத்த அவர்க்குக் கலாசாலைக்குத் தம் பெயர் அமைந்தது கசந்திராது என்றே நினைக்கின்றோம்.

பின்னர் வகித்த பதவிகள் பல. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷனிலும் வட்டமேஜை மகாநாட்டிலும் இருந்தார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராய் விளங்கினார். அப்பதவியிலிருந்தபோதே மலேயாவின் தோட்டங்களிலிருந்த இந்தியத் தொழிலாளரின் நிலையைக் கண்டுவர அரசாங்கம் அவரை அனுப்பியது. அவருட் பெரும்பாலோர் தமிழர். சில வாரங்களே சுற்றிய அவர், 1937இல் வெளியான அறிக்கையில், தொழிலாளர் நிலை பொதுவில் திருப்தியே என்றும், ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டுவதில்லை என்றும் முடிவு கூறினார். மலேயா இந்தியர் பெரிதும் ஏமாற்றமுற்றனர். மறு ஆண்டே இந்திய அரசாங்கம் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடைசெய்தது. சாஸ்திரியார்பால் நமக்குள்ள மதிப்பு குறையாதெனினும், இவ்விடத்து அவர் தவறினார் என்றே சொல்வோம். எதிரியின் கண்ணாற் பார்க்கப் பழகியவர் விருந்தளித்தவரின் கண்ணாலும் பார்த்துவிட்டார் போலும். இப்பயிற்சியில் இந்த அபாயமும் உண்டு என்பதை நம் மாணாக்கரிடம் மறைத்தல் நேர்மையன்று.

1946 தொடக்கத்தில் நோய்ப்படுக்கையிலிருந்த அவரைக் காந்தியடிகள் வந்து கண்டார். ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் சென்னையிற் காலமானார். இரண்டு திங்களுக்குள் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலவுரிமையைச் சுருக்கிய சட்டம் நிறைவேறியது. இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் வழக்கிட்டது. விஜயலக்ஷ்மி பண்டிதர் இந்தியாவிற்காக வாதாடினார். இஃது எம் உள்நாட்டு விஷயம், சபைக்கு இதில் அதிகாரமில்லை என்பது தென்னாப்பிரிக்காவின் வாதம். இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்க இஃது உள்நாட்டு விஷயமாவது எங்ஙனம் என்பது இந்தியாவின் வினா. அவ்வாறு சான்றாய் நின்றது சாஸ்திரியார் காத்த கேப்டவுன் உடன்படிக்கையே. டிசம்பர் 8ஆம் நாள் சபை 32 வாக்குகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் தீர்மானம் நிறைவேற்றியது.

மேற்சொன்ன மாணாக்கருக்கு இச்சரித்திரத்தை ஒரு மாலைப்பொழுதிற் கூறினோம். ஆசனத்தை மாற்றித் தருமாறு அவர் பின்னர்க் கேட்கவில்லை. மறுவாரம் நூல்நிலையத்தில், 1927ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் சபையின் சாசனத்தையும் அருகருகே விரித்து வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இந்தியாவின் ஆசனத்தைப் பெற்றவரும் எதிரே அமர்ந்து, அவர் என்ன எழுதுகின்றார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.