விண்ணில் மறைந்த வீராங்கனை லிடியா லிட்வியாக்

நம் கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. ஆநிரைப் போரில் பட்ட வீரனின் பெயரை அவை இன்றும் தாங்கி நிற்கின்றன. வீழ்ந்தவர்க்குக் கல்லெடுத்துச் சிறப்புச் செய்வது தமிழர் மரபு. அத்தகைய சிறப்பு ஏறத்தாழ 47 ஆண்டுகள் மறுக்கப்பட்ட ஒரு சோவியத்துப் பெண்ணின் வரலாறு இது.

லிடியா லிட்வியாக் 1921 ஆகஸ்டு 18ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். பதினான்கு வயதில் விமானக் கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே தனித்துப் பறந்தார். 1937இல் ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில் தந்தை கைதானார். அவர் மீண்டு வரவில்லை. குடும்பத்தின்மேல் அந்த நிழல் படிந்திருந்தபோதும் மகள் விமானப் பயிற்சியாசிரியராக உயர்ந்தார்.

1941 ஜூனில் ஜெர்மானியப் படை சோவியத்து மண்ணில் புகுந்தது. புகழ்பெற்ற விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால், அவ்வாண்டு அக்டோபரில் பெண்களுக்கென மூன்று விமானப் படைப்பிரிவுகள் உருவாயின. அவற்றுள் 586ஆவது போர்விமானப் பிரிவில் லிடியா சேர்ந்தார். 1942 செப்டம்பரில் ஸ்டாலின்கிராடு போர்முனைக்கு அனுப்பப்பட்டு, ஆடவர் பிரிவுகளில் யாக்-1 விமானம் செலுத்திப் போரிட்டார். 1943 மார்ச்சில் காயமுற்றார். ஆறியதும் மீண்டும் களம் புகுந்தார். மே மாதம் நெருங்கிய தோழரான அலெக்சி சொலோமாத்தின் மாண்டார். ஜூலையில் உயிர்த்தோழி கத்யா புதனோவா வீழ்ந்தார். 1943 ஆகஸ்டு 1ஆம் நாள், மியூஸ் ஆற்று முனையில் பறந்த லிடியாவும் திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது நிறைய இன்னும் பதினேழு நாட்கள் இருந்தன.

அவர் வீழ்த்திய விமானங்கள் பன்னிரண்டு என்பர். அதனினும் குறைவு என்று கணிக்கும் ஆய்வாளரும் உளர். அவரது வீரத்தை ஐயுற்றார் எவருமிலர். ஆயினும் உடல் கிடைக்கவில்லை. சரணடைந்தோரைத் துரோகிகளாகக் கருதிய காலம் அது. காணாமற்போனவரும் ஐயத்திற்கு ஆளாயினர். ஆதலால் சோவியத்து வீரர் என்னும் உயரிய பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை.

அவருடைய விமானத்தைப் பழுதுபார்த்துவந்த இன்னா பாஸ்போர்ட்னிகோவா தோழியை மறக்கவில்லை. போருக்குப்பின் பல்லாண்டுகள் அவரும், கிராஸ்னி லூச் நகரத்து ஆசிரியை ஒருவரும், பள்ளி மாணவரும் போர்நிலங்களில் தேடினர். திமித்ரியெவ்கா சிற்றூரில் பெயரறியாது அடக்கப்பட்டிருந்த பெண் விமானி லிடியாவே என்று 1979இல் முடிவுகட்டினர். அம்முடிவை ஏற்காதவரும் உண்டு. எனினும் 1990 மே மாதம், கொர்பச்சேவ் ஆட்சியில், மறுக்கப்பட்ட பட்டம் லிடியாவுக்கு வழங்கப்பட்டது.

அரசு கைவிட்ட பெயரைக் காத்தவர்கள் ஒரு தோழியும், ஓர் ஆசிரியையும், பள்ளிப் பிள்ளைகளுமே. செங்கத்து வீரனுக்குக் கல்நட்ட ஊராரும் அவர்களைப் போன்றவர்களே.