நீரின் இருவகை நடை

குழாய்க்குள் நீர் எவ்வாறு ஓடுகிறது? எளிதாகத் தோன்றும் இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் ஆய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், ஓட்டத்திற்கு எழும் தடை வேகத்திற்கு நேர்விகிதத்தில் உயரக் கண்டார். பெருங்குழாய்களை ஆய்ந்த பொறியாளர் தார்சியோ, அத்தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரக் கண்டார். ஒரே நீர் இருவேறு விதிகளுக்கு எவ்வாறு அடங்கும்? இம்முரணைத் தீர்த்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1842ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் கிறித்தவச் சமயகுரு. ஆயினும் எந்திரங்களில் பெருவிருப்புடையவர். வேளாண் கருவிகளைச் செம்மைப்படுத்திக் காப்புரிமையும் பெற்றவர். ரெனால்ட்ஸ் முதலில் ஒரு பொறியாளரின் பட்டறையில் தொழில் பயின்றார். அதன் பின்னரே கேம்பிரிட்ஜில் கணிதம் கற்று 1867இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இருபத்தைந்து அகவையில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார். அவருடைய விரிவுரைகள் மாணவர்க்கு எளிதில் விளங்குவனவாக இல்லை. ஆனால், அவர் செய்துகாட்டிய சோதனையோ பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கும்.

கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட ஆறடி நீளத் தொட்டியில் நீர் நிரப்பி, அதனுள் வாயகன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கிடத்தினார். நீர் முற்றிலும் அசைவற்று அடங்கும்வரை காத்திருந்தார். பின்னர், குழாயின் வாயில் வண்ணநீரை நூல்போல் நுழையவிட்டு, வால்வை மெல்லத் திறந்தார். வேகம் குறைந்திருந்தபோது அவ்வண்ண இழை கோடு கிழித்தாற்போல் குழாய் நெடுகிலும் ஓடிற்று. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். குறிப்பிட்ட ஒரு நிலையில், வாயிலிருந்து சற்றுத் தொலைவில் இழை திடீரெனக் கலைந்து நீர் முழுவதும் பரவிற்று. மின்பொறியின் கணநேர ஒளியில் நோக்க, அக்கலங்கலுக்குள் சுருள்சுருளாகச் சுழல்கள் தென்பட்டன. முன்னது வரிச்சீர் ஓட்டம். பின்னது சுழற்சி ஓட்டம். பாய்சொய் கண்டது முன்னதன் விதி. தார்சி கண்டது பின்னதன் விதி. இருவருமே பிழைபடவில்லை.

ஓட்டம் எப்போது மாறும்? குழாயின் விட்டத்தையும் நீரின் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி ஆய்ந்த ரெனால்ட்ஸ், 1883இல் விடையை வெளியிட்டார். அடர்த்தி, வேகம், விட்டம் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் பாகியல் எண்ணால் வகுத்தால் அலகற்ற ஓர் எண் கிடைக்கும். ஓட்டத்தின் வகையை அதுவே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 2000க்குக் கீழே எழும் கலக்கம் தானே அடங்கிவிடும். ஆயினும் இவ்வெல்லையைச் சுவரெனக் கருதுதல் கூடாது. சிறு அதிர்வும் புகாமல் காத்தபோது, 12,000ஐக் கடந்தும் வண்ண இழை கலையாதிருந்ததை அவரே கண்டார்.

ரெனால்ட்ஸ் 1905இல் ஓய்வுபெற்றார். அவ்வெண்ணுக்கு அவர் பெயரைச் சோமர்ஃபெல்டு என்னும் ஜெர்மானிய அறிஞர் சூட்டியது 1908இல். அப்போது உடலும் உள்ளமும் நலிந்திருந்த ரெனால்ட்ஸ், 1912இல் காலமானார். அவர் கையாண்ட கருவி மான்செஸ்டரில் போற்றிக் காக்கப்பட்டது. நூறாண்டு கழித்து அதில் அச்சோதனையை மீண்டும் நிகழ்த்தியபோது, வண்ண இழை அவர் கண்டதினும் குறைந்த வேகத்திலேயே கலைந்தது. வெளியே தெருவில் விரைந்த ஊர்திகளின் அதிர்வே அதற்குக் காரணம்.