பொறியை அடக்கிய பேரறிஞர்

இருளை அகற்ற விளக்கு வேண்டும். உலகை அறிய வானொலி வேண்டும். ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்.இ.டி. பல்பு சிலவற்றைப் போட்டதுமே பக்கத்திலுள்ள மத்திய அலை ரேடியோ இரையத் தொடங்குவதை நம் தருமபுரிப் பக்கத்து வீடுகளிலும் கேட்கலாம். விளக்குக்கும் வானொலிக்கும் ஏன் இந்தப் பகை? விடை காண விழைவோர் ஜகதீச சந்திர போஸின் வாழ்வை அறிதல் வேண்டும்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார் போஸ். தந்தையார் பகவான் சந்திரர் அரசு அலுவலர். எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். பின்னர் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885-ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே வெள்ளையர்க்கு ஓர் ஊதியம், இந்தியர்க்கு அதனினும் குறைந்த ஊதியம்! மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையோடு வந்தது.

ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை; துணை நின்றவர் ஒரு தகர வேலைக்காரர். அங்கு உருவான கருவிகளைக் கொண்டே 1895-ஆம் ஆண்டு, கம்பியில்லாமல் சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

அந்த அலைகள் பிறந்தது மின்பொறியில். பொறி பாயும்போது வேண்டிய அலையோடு வேண்டாத அலையும் கசியும். அது ஏற்பியைக் கலக்கி ஆய்வையே கெடுக்கும். ஆகவே போஸ் பொறியை எழுப்பும் தூண்டு சுருளை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். கசிவை அது பிறக்கும் இடத்திலேயே தடுத்ததால், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளையும் அவரால் ஆராய முடிந்தது.

இன்றைய சிக்கலும் அதுவே. எல்.இ.டி. பல்பினுள் இருக்கும் மின்சுற்று, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. அதனால் எழும் அலைகளுக்கு வீட்டு ஒயர்களே ஏரியலாகி விடுகின்றன. நல்ல பல்பில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி உண்டு. விலையைக் குறைக்க அதனை விட்டுவிட்டால் இரைச்சல்தான். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட்டில் தரும் விளக்கை நாம் துறக்க வேண்டியதில்லை. சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவை அருகில் வைத்துச் சோதித்து வாங்கினால் போதும்.

இன்னொரு வியப்பும் உண்டு. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தால் போஸ் அமைத்த அலை உணர்விக்கு 1904-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அப்படிகம் ஒரு குறைக்கடத்தி. எல்.இ.டி.யும் குறைக்கடத்தியே!

பின்னாளில் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்த போஸ், 1917-ஆம் ஆண்டு தம் பெயர் விளங்கும் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார்.

அவரும் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியரே. கருவி இல்லை என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. தம் கருவி எழுப்பிய இரைச்சலுக்குத் தாமே பொறுப்பேற்றார். நாளை மின்கருவிகளை உருவாக்கப் போகும் மாணவத் தோழர்கள் அந்தப் பொறுப்பைக் கற்றுக்கொள்ளுதல் நன்று.