திரிகூடராசப்பக் கவிராயர்

திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் புலவர் ஆவார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் இவரது ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சியின் ஆசிரியராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்நூலில் இவர் படைத்த சிங்கி என்னும் குறத்தி, பின்வந்தோர் கைகளில் இவர் எண்ணியிராத பல வடிவங்களைப் பெற்றாள்.

வாழ்வும் நூல்களும்

கவிராயர் திருக்குற்றாலநாதர் கோயில் வித்துவான் என்னும் சிறப்புப் பெற்றவர். குற்றாலத் தலபுராணம், குற்றால மாலை, குற்றாலச் சிலேடை, குற்றால யமக அந்தாதி, குற்றால உலா முதலியன இவர் இயற்றியவை. ஒரே தலத்தை இத்தனை சிற்றிலக்கிய வகைகளில் பாடிய புலவர்கள் சிலரே. குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706-1732) நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது.

குறவஞ்சியில் சிங்கி

நூலின் பாட்டுடைத் தலைவர் குற்றாலநாதர். அவர் உலா வரக் கண்ட வசந்தவல்லி காதல் கொண்டு வாடுகிறாள். அங்கு வரும் குறத்தி தன் மலைவளம் கூறி, கை பார்த்துக் குறி சொல்லி, தலைவனின் பெயரை உணர்த்திப் பரிசு பெறுகிறாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன், துணைவன் நூவனுடன் பறவை பிடித்தபடி அலைந்து, இறுதியில் குற்றாலத்தில் அவளைக் காண்கிறான். மனைவியின் புதிய அணிகலன்களைக் கண்டு ஐயமும் வியப்புமாக அவன் கேட்கும் வினாக்களும், அவள் தயங்காமல் தரும் விடைகளும் நூலின் மிகச் சுவையான பகுதியாகும்.

குறி சொல்லும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். குறுந்தொகையில் அகவன்மகள் வருகிறாள். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். கவிராயரின் நோக்கமும் இறைவன் புகழே. அந்த அளவில் குறத்தி ஒரு துணைப்பாத்திரந்தான். ஆயினும் ஊர் ஊராகச் சென்று தன் தொழிலால் பொருள் ஈட்டும் அவளது பெருமிதம் தலைவியையே மங்கச் செய்துவிடுகிறது. இலக்கிய வகையின் பெயரும் அவளுடையதே.

பிற்கால மாற்றங்கள்

முதலில் மாறியது தலைவனின் இடம். தஞ்சையில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் இரண்டாம் சரபோசி மன்னரே பாட்டுடைத் தலைவர். குறத்தி அரசனின் பெயரைக் குறியாகச் சொல்கிறாள். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தம் பெத்லகேம் குறவஞ்சியில் இயேசுவைத் தலைவராகவும் திருச்சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாகவும் அமைத்தார். அங்கே சிங்கி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடிப்பது ஆன்மாக்களைச் சேர்ப்பதைக் குறிக்கும். குறத்தியைக் கருத்தாக மாற்றியதில் அவளது குறும்பு குறைந்துபோனது உண்மை.

1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாசேத்திராவின் நாட்டிய நாடகமாக்கினார். கோயிலைச் சார்ந்திருந்த குறவஞ்சி நகர அரங்குக்கு ஏறியது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிராயரின் பாடல்களைக் கவிதையாகச் சுவைக்கப் பழக்கினார். மு. கருணாநிதி எழுதி, சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த குறவஞ்சி (1960) திரைப்படம் பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது, கதை வேறு.

பாத்திரம் இவ்வாறு மேடையேறிய நூற்றாண்டில் உண்மைக் குறவர்களின் நிலை கடுமையானதாக இருந்தது. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. குறவர்களில் பல பிரிவினர் அதன் கண்காணிப்பில் வந்தனர். சிங்கி பெருமையாகச் சொன்ன ஊர் சுற்றும் வாழ்க்கையே ஐயத்துக்குரிய அடையாளமாயிற்று. அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது 1952இல்தான்.

ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்தில் குறத்தி பெரும்பாலும் கொச்சைப் பேச்சின் பொருளாக்கப்பட்டாள். அவ்வாட்டம் குறவஞ்சியிலிருந்து நேரே பிறந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் மலைவளம் கூறிய பெண்ணுக்கும் இவளுக்கும் உள்ள தொலைவு பெரிது. தம் சமூகத்தை அது இழிவுபடுத்துவதாகக் குறவர் அமைப்புகள் நெடுங்காலம் எதிர்த்துவந்தன. 2023இல் தமிழ்நாடு அரசு அதனை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது.