கஜானா சாவி யார் கையில்?

ஒர்க்‌ஷாப்பில் நாம் அரம் போட்டு ராவுகிற அலுமினியத்துக்கும் ஆண்ட்ரூ மெல்லனுக்கும் சம்பந்தம் உண்டு நண்பர்களே. 1855-ல் பிட்ஸ்பர்க்கில் வங்கிக்காரர் மகனாகப் பிறந்தவர். கடன் கொடுத்து அலுமினியக் கம்பெனியை வளர்த்து, அதில் பங்குதாரரும் ஆனார். 1921-ல் அமெரிக்க நிதியமைச்சர். வங்கிப் பதவிகளை ராஜினாமா செய்தார், கம்பெனிப் பங்குகளை விடவில்லை. மூன்று ஜனாதிபதிகள் மாறினாங்க, இவர் மாறலை. 73 சதவீத உச்ச வருமான வரியை 25 ஆக்கினார். அவர் பங்கு வைத்திருந்த கம்பெனிகளுக்கே வரிப்பணம் திரும்பிப் போனதை செனட் குழு விசாரித்தது. எங்க அம்மா சொசைட்டிக் கடன் ரசீதுக்கே நாலு நடை நடந்தவங்க. எனக்கு இது மலைப்பா இருக்கு. 1932-ல் பதவி நீக்கத் தீர்மானம் வந்ததும் பிரிட்டனுக்குத் தூதராகப் போய்விட்டார். அப்புறம் அவர் மேலேயே வரி வழக்கு. மோசடி இல்லை என்று தீர்ப்பு வந்தது 1937 டிசம்பரில். அவர் ஆகஸ்டிலேயே இறந்திருந்தார்.